முறிப்பு முடிந்த பிறகான கால் மணி நேரம்

ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், பால்வெட்டுக் கத்தி நாள்தோறும் கைக்கு வரும். மரம் முறிக்கும் மெஷின் வாள், அதாவது செயின்சா, அப்படியல்ல. மறுநடவுக்காக ஒரு பகுதியைக் காலி செய்யும்போது, காய்ந்த தென்னையை இறக்கும்போது, பலாக்கிளை ஓட்டுக்கூரை மேல் சாயும்போதுதான் அதற்கு வேலை. ஆனால் வெளியே எடுக்கிற அன்றைக்கு அது ஓடியே ஆக வேண்டும். முறித்த ரப்பர் தடி காத்திருக்காது. ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்த மரம் அது. சில நாள் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் பூஞ்சை ஏறி நீலம் பாய்ந்துவிடும், துளைக்கும் வண்டும் வந்துவிடும். மில்லுக்குச் சீக்கிரம் போய் மருந்தேறிய தடிக்குத்தான் விலை. நடு வேலையில் வாள் நின்றுபோனால், நஷ்டம் வாளோடு நிற்பதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் எங்கள் குடும்பத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, இரண்டு பழைய வாள்களைக் காப்பாற்றுவதும் வேலையின் ஒரு பகுதி. ஒன்று ஸ்டில் கம்பெனியின் 070. 106 சிசி எஞ்சின், கனத்த உடம்பு, நிதானமான சுற்று, அசுர இழுவை. இன்னொன்று ஹஸ்க்வர்னா 61. கிளை கழிக்கவும் நடுத்தர மரத்துக்கும் அதுதான் தோது. அயனி, புளி, முற்றிய மா என்றால் 070 வந்தாக வேண்டும். இன்றைய வாள்கள் எடை குறைவு, பாதுகாப்பு அதிகம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்தப் பழைய வாள்களில் நான் நாலு ஸ்குரூவைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எது கெட்டது, ஏன் கெட்டது என்று கையாலேயே அறியலாம். எனக்கு அது பெரிய நிம்மதி.

இவை ஓடுவதும் நிற்பதும் முறிப்பு முடிந்த பிறகு வருகிற கால் மணி நேரத்தில்தான் முடிவாகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பழைய வாள்களில் பெரும்பாலானவை ஓடித் தேய்ந்தவை அல்ல. ஓடாமல் கிடந்து கெட்டவை.

முதலில் பெட்ரோல். இந்த வாள்களின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்று தனி ஆயில் தொட்டி கிடையாது. பிஸ்டன், பேரிங், கிராங்க் எல்லாவற்றுக்கும் வழுவழுப்பு பெட்ரோலில் கலந்த ஆயில் வழியாகத்தான் போய்ச் சேரும். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. எந்த ஆயிலுக்கு எந்தக் கணக்கு என்பதை டப்பாவையும் வாளையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், குத்துமதிப்பு கூடாது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கும் நம் மாவட்டத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? பழைய ரப்பர் குழாய்களும் கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் மெல்லிய சவ்வான டயாப்ரமும் எத்தனாலை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் வேலை முடிந்ததும் டேங்கை வடித்து, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகே உள்ளே வைப்பேன். அந்தந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் கலக்குவேன்.

அடுத்தது பால். ரப்பர் மரம் அறுக்கும்போது செயினோடு பாலும் உள்ளே போகும். கிளட்ச் சூட்டில் அது இறுகி, மரத்தூளோடு சேர்ந்து, செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி அப்பிக்கொள்ளும். அன்றே மூடியைக் கழற்றினால் ஒட்டுப்பால் உரிப்பதுபோல் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஒரு வாரம் கழித்துக் கழற்றினால் மண்ணெண்ணெயும் ஸ்குரூடிரைவரும் வைத்து மல்லுக்கட்ட வேண்டும். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் காடியிலும் ஆயில் வரும் சிறு துளையிலும் இதே பால் அடைத்திருக்கும். துளை அடைத்தால் செயினுக்கு ஆயில் போகாது, பார் நீலம் பூத்துப் போகும். செயினுக்கு வண்டியில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் இரும்புப் பொடி கலந்திருக்கும், செயினில் ஒட்டி நிற்கிற பசையும் இருக்காது. நான் ஊற்றுவதில்லை.

என் 070 பாயிண்ட் வைத்த பழைய ரகம்; தொட்டு விலகி ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனைகள்தான் பாயிண்ட். ஆனி, ஆடி மழையில் சும்மா கிடந்தால் பாயிண்ட் முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஏறும், ஸ்பார்க் வராது. காயில் போய்விட்டது என்று புதிதாக வாங்க ஓடுகிறார்கள். பெரும்பாலும் அது தேவைப்படாது. சுத்தமான கெட்டிக் காகிதத்தைப் பாயிண்ட் நடுவே வைத்து இரண்டு தரம் இழுத்து, இடைவெளியை 0.4 மி.மீ. அளவில் வைத்தால் நீல ஸ்பார்க் திரும்ப வரும். பிளக்குக்கு 0.5.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் மார்த்தாண்டத்துப் பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக் மாமா. டூல் எடுப்பதற்கு முன்னால் அவர் காதைக் கொடுப்பார். “மக்களே, மரத்துக்கு வெளிய வச்சு முழுசா முறுக்கு. அப்பம் கொஞ்சம் கரகரன்னு கேக்கணும். மரத்தில எறங்கினா அந்தக் கரகரப்பு மாறணும். வெளியிலயே கீச்சுன்னு கத்துச்சுன்னா உடனே நிறுத்திப்போடு, பிஸ்டன் பிடிச்சிரும்.” அந்தக் கரகரப்பு பெட்ரோல் சற்று கூடுதலாகப் போவதன் அடையாளம், கூடவே ஆயிலும் போதுமான அளவு போகிறது என்று பொருள். கீச்சென்ற சத்தம் என்றால் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துவிட்டது. டயாப்ரம் விறைத்திருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம், கிராங்க்கின் இரு முனையிலும் காற்றை அடைக்கும் ஆயில் சீல் போயிருக்கலாம். முறுக்காமல் ஐடிலில் ஓடும் வாளை இடமும் வலமும் சாய்க்கும்போது வேகம் ஏறி இறங்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது சீலைத்தான். கார்பரேட்டர் ஸ்குரூவைத் திருப்பி அந்த நோயை மறைக்கலாம், தீர்க்க முடியாது.

செயின் தீட்டுவது தனிக் கலை. 070-இன் .404 அங்குல அளவுச் செயினுக்கு 5.5 மி.மீ. உருண்டை அரம். ஒரே பக்கமாகத் தள்ளி, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். ஒரு பக்கப் பல் நீளமாகிப்போனால் வெட்டு வளையும். இந்தப் பல்லின் வடிவத்துக்கு ஒரு புழுதான் மூலம். 1946இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாகக் குடைந்து போவதைக் கவனித்து, அதன் தாடையைப் பார்த்துச் செயின் பல்லை அமைத்தார். தென்னையில் சிவப்புக் கூன்வண்டுப் புழுவோடு போராடும் நமக்கு, ஒரு புழுவால் நன்மை வந்தது என்பது வியப்புதான். அந்தத் தென்னைதான் செயினுக்குப் பெரிய பகை. வெளிச் சுற்று இரும்பு மாதிரி, உள்ளே நார். சிலிக்கா கலந்த அந்த நார் பல்லின் கூர்மையை மழுக்கிவிடும். பனை இன்னும் மோசம். தென்னை அறுக்கிற அன்று அரம் இடுப்பிலேயே இருக்கும்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். விடிந்து பார்த்தால் ரப்பர் வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. ரோடு இல்லை, கரண்ட் இல்லை. அந்த நாட்களில் ஊருக்கு வழி திறந்தவை அங்கங்கே வீடுகளில் இருந்த இதுபோன்ற வாள்கள்தான். புயலில் விழுந்த மரத்தை அறுப்பது நிற்கும் மரத்தை முறிப்பதைவிட ஆபத்து. வளைந்து தாங்கி நிற்கும் தடியில் ஒரு பக்கம் அமுங்கியும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். அமுங்கிய பக்கம் முதலில் கொஞ்சம் வெட்டி, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து மெல்ல முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தடி பிளந்து ஆள்மேல் வரும், அல்லது பார் இறுகி மாட்டிக்கொள்ளும். வேரோடு சாய்ந்த மரத்தில் தடியை அறுத்ததும் வேர்மண்டு திரும்ப நிமிர்ந்து குழிக்குள் விழும். அதன் பின்னால் பிள்ளைகள் யாரும் நிற்கவில்லையே என்று ஒவ்வொரு மரத்துக்கும் சுற்றிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். 070 அந்த நாட்களில் ஒரு தரம்கூட மக்கர் பண்ணவில்லை. ஐப்பசியில் டேங்கைக் கழுவி, புது டயாப்ரம் போட்டு வைத்திருந்ததன் பலன் அது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். என் 070-இல் செயின் பிரேக் கிடையாது. பாரின் மூக்கு எதிலாவது பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறும், நிறுத்த எதுவுமில்லை. அதனால் அந்த வாளை இரவல் கொடுப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டாலும், “மரத்தைச் சொல்லுங்க அண்ணே, நானே வந்து அறுத்துத் தாறேன்” என்றுதான் சொல்வேன். ஏணி மேலும் மரத்தின் மேலும் அதை ஏற்றுவதில்லை. அதிர்வும் அதிகம், அரை மணிக்கொரு முறை கை மாற்றிக்கொள்வோம். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, கெட்டி பூட்ஸ் இல்லாமல் யாரும் தொடக்கூடாது.

வடக்குப் பக்கத்து விளையில், பால் வெட்டப் பட்டை தீர்ந்த மரங்கள் மறுநடவுக்கு நிற்கின்றன. மழை விட்டதும் முறிப்பு. அதற்குள் ஹஸ்க்வர்னாவுக்கு ஒரு ஜோடி கிராங்க் சீல் மாற்ற வேண்டும்; நாகர்கோவிலில் சொல்லி வைத்திருக்கிறேன். தங்கை மகன் அரம் பிடிக்கப் பழகுகிறான். இடது பக்கப் பல் அவனுக்கு இன்னும் சரியாக வரவில்லை, ஒரு பழைய செயினை வைஸில் மாட்டிக் கொடுத்திருக்கிறேன்.