எல்லாம் ஒரே பெட்டியில்

ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் போகும் பாடல்களின் விவரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. யார் பாடியது, யார் எழுதியது, எந்த மொழி, ராயல்டி யார் பெயருக்குப் போக வேண்டும், இதெல்லாம். சலிப்பான வேலைதான், ஆனால் லத்தீன் இசை எப்படி இவ்வளவு பெரிதானது என்பது ஓரளவுக்குப் பிடிபட்டது இந்த ஷீட்டுகளில்தான்.

2017இல் வந்த ‘டெஸ்பாசிட்டோ’ என்ற ஸ்பானிஷ் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்கள் மூன்று பேர்: லூயிஸ் ஃபோன்சி, பனாமாக்காரரான எரிக்கா எண்டர், அப்புறம் ரமோன் அயாலா. இந்த ரமோன் அயாலா வேறு யாருமில்லை, அந்தப் பாட்டில் ஃபோன்சியோடு பாடிய போர்ட்டோ ரிக்கோ ராப் பாடகர் டாடி யாங்கிதான், அது அவருடைய சொந்தப் பெயர். ஆனால் மெக்சிகோவில் இதே பெயரில் ஒரு மூத்த அக்கார்டியன் கலைஞர் இருக்கிறார், நோர்தேன்யோ என்ற வட மெக்சிகோ இசையில் பெரிய ஆள். பெயரை மட்டும் பார்த்து இணைத்தால் ஒருவர் காசு இன்னொருவர் கணக்குக்குப் போய்விடும்.

ஜஸ்டின் பீபர் ரீமிக்ஸில் சேர்ந்ததால்தான் அந்தப் பாட்டு அமெரிக்காவில் 16 வாரம் முதலிடத்தில் நின்றது என்று ஆபீசில் இன்னும் சிலர் வாதாடுவார்கள். சரி, உதவியது உண்மை. ஆனால் 1999இல் ரிக்கி மார்ட்டினும் 2001இல் ஷகீராவும் அமெரிக்க ரேடியோவுக்காக ஆங்கிலத்தில் பாட வேண்டியிருந்தது, போர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னிக்கு அந்தத் தேவையே வரவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் வாங்குபவர்களின் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டே, யார் வேண்டுமானாலும் பாட்டு ஏற்றக்கூடிய சவுண்ட்கிளவுட் தளத்தில் பாட்டு ஏற்றிய ஆள், ஸ்பானிஷிலேயே பாடி 2020 முதல் 2022 வரை மூன்று வருடமும் ஸ்பாட்டிஃபையில் உலகிலேயே அதிகம் கேட்கப்பட்டவர் ஆனார். என்னைக் கேட்டால், கேட்பவர்கள் முன்பும் இருந்தார்கள், அவர்கள் கேட்டதுதான் கணக்கில் வரவில்லை. மெக்சிகோ நகரத்துத் தெபீதோ சந்தையில் விற்ற திருட்டு சிடி எந்தத் தரவரிசையில் ஏறியது? ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் போதும், அது ஒரு கணக்கு. 2018இல் ஸ்பாட்டிஃபையே உலகில் தனக்கு அதிகம் பேர் இருக்கும் நகரம் மெக்சிகோ நகரம் என்று சொன்னது.

எனக்கு எரிச்சல் வருவது பாட்டு எந்த வகை என்று எழுதும் கட்டத்தில். ஜமைக்காவில் பிறந்து பனாமா வழியாகப் போர்ட்டோ ரிக்கோவுக்கு வந்த ரெகேடோன் தாளமும், டொமினிக்கன் பச்சாத்தா கிடாரும், டிராம்போனும் தோலோலோச்சே என்ற பெரிய தந்தி வாத்தியமும் முழங்கும் பேசோ புளூமாவின் மெக்சிகோ பாட்டும் எல்லாமே ‘லத்தீன்’ என்றே வந்து விழும். உட்பிரிவுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அனுப்புகிறவர்கள் காலியாக விட்டுவிடுவார்கள். பிரேசில் பாட்டுக்குக்கூட மொழி ஸ்பானிஷ் என்று போட்டு வருவதுண்டு, போர்ச்சுகீசியம் என்று நான் மாற்றி அனுப்புவேன், அதே ஆளிடமிருந்து அடுத்த ஆல்பமும் ஸ்பானிஷ் என்றே வரும்.