பக்க முறிவை எங்கே இடுவது?

அண்மையில் ஒரு கட்டுரைத் தொகுப்பை அச்சுக்கு ஒழுங்குபடுத்தும் பணி என்னிடம் வந்தது. ஒவ்வொரு கட்டுரையும் புதிய பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக, அதைத் தட்டச்சு செய்தவர் என்டர் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தி, வெற்று வரிகளால் பக்கங்களை நிரப்பியிருந்தார். லதா எழுத்துருவை நோட்டோ செரிஃப் தமிழுக்கு மாற்றியதும் வரிகளின் உயரம் மாறியது. தலைப்புகள் பக்கத்தின் நடுவிலும் அடியிலுமாகச் சிதறின.

வெற்று வரிகளுக்கு மாற்றாகப் பலரும் அறிந்தது, கன்ட்ரோல் விசையுடன் என்டரை அழுத்திப் பக்க முறிவு இடுவது, அதாவது அடுத்து வரும் உரையைப் புதிய பக்கத்துக்குத் தள்ளுவது. உரை எழுதும் மென்பொருள்களான வேர்டிலும் லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் இது ஒன்றுபோலவே செயல்படுவதாகத் தோன்றினாலும், உள்ளே நடப்பது வேறு. வேர்டில் முறிவு என்பது உரைக்குள் அமரும் ஒரு குறி. கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது கண்ணுக்குத் தெரியும், தேர்ந்தெடுத்து அழித்துவிடலாம். ரைட்டரிலோ அது அடுத்து வரும் பத்தியின் பண்பாகச் சேமிக்கப்படுகிறது. அந்தப் பத்தியின் தொடக்கத்தில் நின்று பேக்ஸ்பேஸை அழுத்தினால் நீங்கிவிடும். முறிவோடு சேர்த்தே புதிய பக்கப் பாணியையும் (பக்கத்துக்கான அமைப்புகளின் தொகுப்பு) பக்க எண்ணையும் ரைட்டரில் குறிப்பிட முடிவதால், முன்னுரைக்கு ரோமன் எண்களும் முதல் கட்டுரையிலிருந்து 1, 2 என்ற எண்களும் தருவது எளிது. வேர்டில் இதற்குப் பக்க முறிவு போதாது, ஆவணத்தைத் தனித்தனி அமைப்புகள் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கும் பிரிவு முறிவு வேண்டும்.

வேர்டில் என்னை அதிகம் அலைக்கழித்தது காரணம் தெரியாமல் முளைக்கும் வெற்றுப் பக்கம். ஒரு கட்டுரையின் கடைசி வரி பக்கத்தின் அடிவரை சரியாக நிரம்பிவிட்டால், தனிப் பத்தியாக நிற்கும் முறிவுக் குறி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து மேலும் ஒரு பக்கத்தைத் தாண்டச் செய்கிறது. அந்த முறிவை அழித்தால் பக்கம் மறையும். ஆனால் பிறகு அந்தக் கட்டுரையில் இரண்டு வரிகளை நீக்கினால், இடையில் முறிவு இல்லாததால் அடுத்த கட்டுரை அதோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே கட்டுரைத் தலைப்புகளுக்குக் கையால் முறிவு இடுவதை நான் அறவே விட்டுவிட்டேன். எல்லாத் தலைப்புகளுக்கும் ஒரே வடிவம் தரும் தலைப்புப் பாணியின் பத்தி அமைப்பில் ‘முன்னதாகப் பக்கத்தை முறி’ என்ற பொருள் தரும் தெரிவை ஒருமுறை இயக்கினால், அந்தப் பாணி பெற்ற ஒவ்வொரு தலைப்பும் உரை கூடினாலும் குறைந்தாலும் புதிய பக்கத்தில்தான் தொடங்கும். பக்கத்தின் அடியில் தனியே தொங்கும் துணைத் தலைப்புக்கும் முறிவு தேவையில்லை. அதை அடுத்த பத்தியோடு சேர்த்து வைக்கும் தெரிவு அதே அமைப்பில் இருக்கிறது.

அந்தத் தொகுப்பின் வெற்று வரிகளையெல்லாம் நீக்கிய பின், கையால் இட்ட முறிவுகள் இரண்டே எஞ்சின: தலைப்புப் பக்கத்தின் முடிவில் ஒன்று, காணிக்கைப் பக்கத்தின் முடிவில் மற்றொன்று.