நாலு நாளில் போன கடைசி சீசன்

ஊரில் என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் மே மாதம் இல்லையென்றால் ஜூன் மாதம். ஏன் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது கணக்கு, நான் பிறந்தது 1996 ஆகஸ்ட் 11, ஆக 11 நாள் குறைகிறது. என் பிறப்பை அதுவரை யாரும் பதிந்திருக்கவும் இல்லை. தாத்தா அலைந்து திரிந்து தாமதப் பதிவில் ஒரு சான்றிதழ் வாங்கினார், அதில் மே 28 என்று தேதி போட்டுவிட்டார். பள்ளியில் இடம் கிடைத்தது. பாஸ்போர்ட்டும் அதே தேதியில் வந்தது. பதினாறு வருடம் கழித்து அந்தத் தேதி அமெரிக்காவில் பேஸ் டிரம் என்ற பெரிய முரசு ஒன்றை என் தோளிலிருந்து இறக்கி வைக்கும் என்று அவர் எங்கே கண்டார்.

அப்பாவுக்கு எச்-1பி வேலை விசா கிடைத்து 2010-இல் டல்லாஸ் பக்கம் குடிபோனோம். டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி என்றால் அமெரிக்கக் கால்பந்து, கால்பந்து என்றால் இடைவேளையில் மைதானத்தில் இறங்கும் மார்ச்சிங் பேண்ட். எனக்குப் பேச வராத ஆங்கிலத்துக்குப் பதிலாக ஒரு டிரம்மைக் கையில் கொடுத்தார்கள். அங்கேதான் மூத்த பையன்கள் டிரம் கோர் பற்றிப் பேசுவதைக் கேட்டேன். பித்தளைக் குழல்கள், டிரம் முதலான தாளக் கருவிகள், கொடி சுழற்றும் கலர் கார்டு, முக்கியமாக இவைதான். புல்லாங்குழல், கிளாரினெட் எல்லாம் கிடையாது. அப்போது ஒரு குழுவில் நூற்றைம்பது பேர் வரை, பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றை மட்டும் கோடை முழுக்கத் தேய்த்துத் தேய்த்து ஊர் ஊராகப் போட்டியில் ஆடுவது. டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ, 1972-இல் விஸ்கான்சினின் வைட்வாட்டரில் முதல் சாம்பியன்ஷிப் நடத்தியது. இப்போது இறுதிப் போட்டி இண்டியானாபோலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில், ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில்.

முதல் ஆடிஷனில், 2015 சீசனுக்கு, என்னைக் கழித்துவிட்டார்கள். கை சரியாக இருந்தது, கால்தான் தாளத்தை விட்டது. நின்றுகொண்டு வாசிப்பவன் நடந்துகொண்டு வாசிக்கும்போது பாதி ஆள் ஆகிவிடுகிறான், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு வருடம் தினமும் தாளம் தட்டும் மெட்ரோனோமைப் போட்டுக்கொண்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் நடந்தேன். அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று மட்டும் கேட்டார். 2016-இல் இடம் கிடைத்தது, நாலாவது பேஸ்.

பேஸ் டிரம் வரிசையில் ஐந்து பேர், ஐந்து அளவு டிரம். ஒரு வேகமான தாள ஓட்டத்தை ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்வோம். என் பங்கு சில இடங்களில் ஒரே ஒரு அடி. அந்த ஓர் அடி விழ வேண்டிய இடத்தில் விழாவிட்டால் மொத்த ஓட்டமும் பல் போன வாய் மாதிரி ஆகிவிடும். நாள் முழுக்க வெயிலில் பயிற்சி, ராத்திரி பேருந்தில் பயணம், விடியற்காலையில் ஏதோ ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் காற்று மெத்தையை விரித்து மூன்று மணி நேரத் தூக்கம். இதற்கு நமக்குச் சம்பளம் கிடையாது, நாம்தான் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். இதை அப்பாவுக்குப் புரியவைத்தது தனிக் கதை.

சரி, வயது விஷயத்துக்கு வருகிறேன். டிசிஐ விதி சுருக்கமானது: அந்த வருடம் ஜூன் 1 அன்று உங்களுக்கு 21-க்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஜூன் 1-க்கு அப்புறம் எந்த நாளில் 22 ஆனாலும் அந்தக் கோடை முழுக்க ஆடலாம், மே 31-இல் ஆனால் முடியாது. இந்த 21 என்ற எண் டிசிஐ கண்டுபிடித்ததல்ல, அமெரிக்கன் லீஜன் போன்ற போர்வீரர் சங்கங்கள் ஜூனியர் குழுக்களை நடத்திய காலத்திலிருந்தே வருவது. கடைசி வருடத்தில் இருப்பவரை ‘ஏஜ் அவுட்’ என்பார்கள். அது வினையாகவும் வரும், பெயராகவும் வரும். ‘அவன் இந்த வருட ஏஜ் அவுட்’ என்றால் அவனுக்குக் கொஞ்சம் மரியாதை கூடும், சாப்பாட்டு வரிசையில் முன்னால் விடுவார்கள், கடைசிச் சில நாட்களில் அவன் காரணமில்லாமல் அழுதாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இதே சொல்லை நான் எங்கள் வீட்டில் இன்னொரு அர்த்தத்தில் கேட்டு வளர்ந்தேன். எச்-1பி பெற்றோரின் பிள்ளைகளுக்கு எச்-4 விசா, அது 21 வயதோடு முடியும். அதையும் வழக்கறிஞர்கள் ஏஜ் அவுட் என்றுதான் சொல்கிறார்கள். கிரீன் கார்டு வரிசை நம் நாட்டுக்காரர்களுக்கு எவ்வளவு நீளம் என்று தெரியுமே, அது வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். எனக்கு 2017 மே 28-இல், அதாவது காகிதத்தில், 21. அதற்கு முன்னால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற விண்ணப்பித்திருக்க வேண்டும். கல்லூரியிலிருந்து ஐ-20 என்ற சேர்க்கைச் சான்று வாங்கி, படிவம் நிரப்பி, பணம் கட்டி, எல்லாம் அனுப்பிவிட்டு அந்த மே மாதக் கடைசியில் கோடைப் பயிற்சிக்குப் பை கட்டிக்கொண்டு போனேன். தபாலில் ஏதாவது வந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அம்மாவிடம் உத்தரவு.

இங்கேதான் என் முட்டாள்தனம். விசாவுக்கு மே 28 என்று கணக்குப் போட்ட அதே மூளை டிரம் கோருக்கு ஆகஸ்ட் 11 என்று கணக்குப் போட்டிருந்தது. எனக்குப் பிறந்த நாள் ஆகஸ்ட் 11. வீட்டில் பாயசம் வைப்பது அன்றுதான். அதனால் 2018 ஆகஸ்டில்தான் 22, அதனால் 2018 என் கடைசி சீசன், என்று யாரிடமும் கேட்காமல் முடிவு செய்திருந்தேன். 2018 இறுதிப் போட்டியும் ஆகஸ்ட் 11 அன்றுதான் என்று தெரிந்ததும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பிறந்த நாளன்று லூகாஸ் ஆயிலில் கடைசி ஆட்டம், யாருக்குக் கிடைக்கும்?

2017 இறுதிப் போட்டி, ஆகஸ்ட் 12. ஆடி முடித்து வெளியே வந்ததும் கார் நிறுத்தத்தில் ஏஜ் அவுட்கள் எல்லாம் வட்டமாக நின்றார்கள். எங்கள் பேஸ் வரிசையில் இரண்டு பேர் அதில். நான் வெளியே நின்று அவர்களுடைய தண்ணீர்க் குடங்களையும் குச்சிப் பைகளையும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் என்னைப் பார்த்து, அடுத்த வருடம் நீ இங்கே நிற்பாய் என்றான். தலையாட்டினேன்.

டிசம்பர் கேம்பில் மறுபடி தேர்வானேன். ஜனவரியில் குழுவின் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். மிகவும் தன்மையாகத்தான் பேசினார். பாஸ்போர்ட்டில் மே 28 இருக்கிறது, 2018 மே 28-இல் உனக்கு 22 முடிகிறது, ஜூன் 1-க்கு நாலு நாள் முன்னால், ஆகவே ஒப்பந்தம் போட முடியாது. முந்தைய இரண்டு வருடமும் நான் கொடுத்த படிவத்தில் இதே தேதிதான் இருந்தது, அப்போதெல்லாம் தகுதி இருந்ததால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவர்கள் தப்பு இல்லை. என் வயதை என்னைவிட அவர்கள் சரியாகப் படித்திருந்தார்கள்.

போனில் நான் சொன்ன முதல் வாக்கியம், அது என் உண்மையான பிறந்த நாள் இல்லை என்பது. சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது. அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பாட்டி ஊரில் பெட்டியைக் குடைந்து என் ஜாதகத்தை எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார்: தாது வருடம், ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் தடவிய மூலையோடு அழகாக இருந்தது. அதை மொழிபெயர்த்து அனுப்பினேன், உண்மையாகவே அனுப்பினேன். விதி எல்லாக் குழுவுக்கும் பொதுவானது, அரசு கொடுத்த ஆவணத்தில் உள்ள தேதியைத்தான் பார்ப்பார்கள், ஒரு குழு தன் இஷ்டத்துக்கு விலக்குத் தர முடியாது என்று பதில் வந்தது. அப்புறம், அந்தத் தாள் மிக அழகாக இருக்கிறது என்று ஒரு வரி.

தேதியையே திருத்திவிட்டால் என்ன என்று யோசித்தேன். ஊரில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, அதை வைத்துப் பாஸ்போர்ட்டைத் திருத்தி, அதை வைத்து இங்கே உள்ள குடியேற்றப் பதிவுகளைத் திருத்தி. அப்பாவின் வழக்கறிஞர் நான் முடிக்கும் முன்பே வேண்டாம் என்றார். ஒரு விண்ணப்பத்தில் ஒரு தேதி, இன்னொன்றில் வேறு தேதி என்று இருந்தால் அதற்கு வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், ஒரு கோடைக்காக இதைத் தொடாதே என்றார். பத்து நிமிடப் பேச்சு, அத்தோடு அந்தக் கதவு மூடியது. தாத்தா மேல் கோபம் வந்தது உண்மை. அவர் அப்போது உயிரோடு இல்லை, அதனால் கோபப்படவும் வசதியாக இல்லை.

எனக்கு இன்றுவரை உறுத்துவது 2018 போனதல்ல. 2017-இல் ஆடியது கடைசி என்று தெரியாமல் ஆடியதுதான். தெரிந்திருந்தால் நன்றாக வாசித்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை, அன்று நன்றாகவே வாசித்தேன். அந்த வட்டத்துக்குள் நின்றிருப்பேன், அவ்வளவுதான். அப்புறம் 2020-இல், கொரோனாவால் சீசனே ரத்தானபோது அதைக் கடைசி வருடமாக நினைத்திருந்த பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆகவே ஆடிஷனுக்குப் போகிற நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வீட்டுப் பிறந்த நாளை மறந்துவிட்டு பாஸ்போர்ட்டை எடுத்து, ஜூன் 1-ஐப் பக்கத்தில் வைத்து, எத்தனை கோடை மிச்சம் என்று இன்றைக்கே எண்ணிவிடுங்கள். மே மாதக்காரர்கள் இரண்டு தடவை எண்ணுங்கள்.

2018 மே மாதம் பட்டம் வாங்கி, நியூ ஜெர்சியில் ஒரு வேலைக்குப் போனேன். அங்கே போனபிறகுதான் அனைத்து வயதுக் குழுக்கள் என்று ஒரு தனி உலகம் இருப்பது கண்ணில் பட்டது. டிரம் கோர் அசோசியேட்ஸ், டிசிஏ, என்ற அமைப்பின் கீழ் அவை போட்டியிட்டன. ரெடிங் பக்கனீர்ஸ், ஹாத்தோர்ன் கபயெரோஸ் மாதிரிப் பழைய பெயர்கள் எல்லாம் அந்த வட்டாரம்தான். (2024-லிருந்து டிசிஐ-யே அனைத்து வயதுப் பிரிவையும் நடத்துகிறது.) வார இறுதியில் மட்டும் பயிற்சி, அப்போது செப்டம்பர் தொழிலாளர் தின விடுமுறையில் இறுதிப் போட்டி, வயதுக்கு மேல் வரம்பு இல்லை. டிசிஐ-யில் ஏஜ் அவுட் ஆனவர்களுக்கு அது இரண்டாந்தரம் என்று ஒரு நினைப்பு உண்டு, எனக்கும் இருந்தது. முதல் நாள் தாள ஓட்டத்தில் என் பக்கத்தில் நின்றவருக்கு ஐம்பத்தெட்டு வயது, முழங்காலில் பட்டி. என் ஓர் அடி தவறியது, அவருடையது தவறவில்லை.

அந்த ஆகஸ்ட் 11 சனிக்கிழமை. பகல் முழுக்கப் பயிற்சி, சாயங்காலம் ஒருவர் மடிக்கணினியில் டிசிஐ இறுதிப் போட்டி ஓட, நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என் பழைய குழு மைதானத்தில் இறங்கும் நேரம் பார்த்து அம்மா வீடியோவில் கூப்பிட்டு, கத்திப் பாடி, பாயசக் கிண்ணத்தைக் காட்டினார். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் எட்டிப் பார்த்து என்ன விசேஷம் என்றார். இன்று என் பிறந்த நாள் என்றேன்.

‘மே மாதமே உனக்குக் கேக் வெட்டினோமே?’ என்றார்.