கொஞ்சம் ஆர்டினரி

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பிட் ஆர்டினரி, லவ்" என்றார் பெரியவர். நல்லது, தூங்குங்கள் என்று போர்வையை இழுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். குறிப்பில் 'வழக்கம்போல் இருக்கிறார்' என்று எழுதினேன்.

ஆஸ்திரேலியாவில் ஒருவர் தன்னை ஆர்டினரி என்று சொன்னால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அங்கே டப்போ என்ற ஊருக்கு நர்ஸாக வந்து நான்கு மாதம் ஆகியும் இது எனக்குத் தெரியாது. 'குரூக்' என்றால் சுகமில்லை, 'ஆர்வோ' என்றால் பிற்பகல், 'ஆம்போ' என்றால் ஆம்புலன்ஸ்காரர், இதெல்லாம் முதல் வாரமே குறித்து வைத்திருந்தேன். புரியாத சொல்லைத்தானே கேட்டுக்கொள்வோம்? ஆர்டினரி புரிந்த சொல்.

அதற்கு முன்பே இன்னொன்றும் தவறியிருந்தது. ஷிஃப்ட் மாறும்போது மாலைப் பணியாளர், "அவர் டீயைத் தொடவே இல்லை" என்றார். ஒரு கப் டீதானே என்று விட்டுவிட்டேன். அங்கே பலருக்கு, அதுவும் அந்த வயதுக்காரர்களுக்கு, டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு.

விடிகாலை நான்கு மணிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. சிறுநீர்த் தொற்று. ஆம்போக்கள் வந்து கொண்டுபோனார்கள். ஒன்பது நாளில் திரும்பி வந்துவிட்டார். யாரும் திட்டவில்லை. மேலாளர் "நோ வொரீஸ்" என்றார். அதற்கும் வேறு அர்த்தம் இருக்குமோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களுக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்குப் படித்ததில் இந்தச் சொல் எங்கேயும் வரவில்லை. அவரோ ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் முதுகு ஒடிய உழைத்தவர், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் ஆள் இல்லை. எட்டு மணிக்கு எடுத்த டெம்பரேச்சரும் சரியாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, ஊரில் அப்பத்தா "உடம்பு சுமாரா இருக்குத்தா" என்று சொன்னால் விட்டுவிட்டா போவேன்? அகராதியைத் தேடாமல் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். சுமாரும் ஆர்டினரியும் ஒரே சொல்தானே. பெரியவர் அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தபடி சொன்னார். அதற்கு எந்த ஊர் ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சுவரைப் பார்த்தாரா, அல்லது பிறகு நானாக அப்படிச் சேர்த்துக்கொண்டேனா, அதுவும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு ஒரு சொற்பட்டியல் கொடுக்கிறேன். ஆர்டினரிதான் அதில் முதல் சொல். அந்த இரவில் எனக்கு இன்னும் ஆறு அறை பாக்கி இருந்ததை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை.