பதுவையில் ஒரு பச்சைக் கல்

இத்தாலியில் வெனிஸிலிருந்து பதுவை (Padua) நகரத்துக்கு ரயிலில் சுமார் அரை மணி நேரம். ஸ்டேஷனுக்கு வெளியே ட்ராம் ஏறினால் புனித அந்தோனியார் பேராலயத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் அவர் பெயரைக்கூடச் சொல்வதில்லை. பேராலயத்தையும் சரி, அவரையும் சரி, 'இல் சாந்தோ' என்கிறார்கள். 'புனிதர்' என்று அர்த்தம். வீட்டுப் பெரியவரைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுவோமே, அப்படி.

சதுக்கத்தில் தொனாத்தெல்லோ செய்த குதிரைவீரன் சிலை இருக்கிறது. நான் அங்கே நிற்கவில்லை. என் பையில் அம்மா எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது.

சாவி, மூக்குக்கண்ணாடி, ரசீது, எது காணாமல் போனாலும் அம்மா "அந்தோனியாரே, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிக்கொண்டேதான் தேடுவார். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பாடம் நடத்தக் குறிப்புகள் எழுதி வைத்திருந்த அந்தோனியாருடைய திருப்பாடல் புத்தகத்தை ஒரு இளந்துறவி எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அந்தோனியார் ஜெபித்தார், போனவர் புத்தகத்தோடு திரும்பி வந்தார். அச்சு இல்லாத காலம், எல்லாம் கையால் எழுதியது. அந்தத் தவிப்பை அனுபவித்தவர் என்பதால்தான் நம் சாவியையும் அவரிடம் சொல்லத் தோன்றுகிறது என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் நான் சொல்லாமல் விட்ட இன்னொரு விஷயம் இருக்கிறது. 1231 மார்ச்சில் பதுவை நகரம் ஒரு சட்டம் போட்டது: கடனைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாதவர் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் அவரைச் சிறையில் அடைக்கக் கூடாது. அந்தோனியார் கேட்டுக்கொண்டதால் போட்ட சட்டம் அது. அதே ஆண்டு ஜூன் 13 அன்று அவர் இறந்துபோனார், நாற்பது வயதுகூட ஆகாமல். ஒரு வருடம் முடிவதற்குள், 1232 மே 30 அன்று, திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். கோடி அற்புதர் என்கிறோம். எனக்கு அந்தச் சட்டமே பெரிய அற்புதமாகத் தெரிகிறது.

கல்லறையில் வரிசை நீண்டிருந்ததால் முதலில் திருப்பண்டங்களை, அதாவது புனிதரின் உடலிலிருந்து பாதுகாத்து வைத்திருப்பவற்றை, வைத்திருக்கும் சிற்றாலயத்துக்குப் போனேன். 1263-ல் கல்லறையைத் திறந்தபோது அழியாமல் இருந்த அவர் நாக்கு அங்கே பொற்பேழையில் இருக்கிறது. அதைக் கையில் எடுத்தவர் புனித பொனவெந்தூர்.

"நேரா இயேசுகிட்ட கேட்க வேண்டியதுதானே?" என்று ஒரு நண்பர் கேட்பதுண்டு. நேராகவும் கேட்கிறோம். ஆனாலும் உடம்பு சரியில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்கிறோம் இல்லையா? அந்தப் பக்கத்தில் இருப்பவர் இறந்துவிட்டால் உறவு அறுந்துவிடுமா? புனிதர்களின் சமூக உறவை நம்புகிறேன் என்று விசுவாச அறிக்கையில் சொல்வது இதைத்தான். ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதரிடம் கேட்பது பரிந்துரை.

அப்புறம் கல்லறை. பீடத்தின் பின்பக்கம் ஒரு பச்சைக் கல் பலகை. ஒவ்வொருவராக வந்து அதில் உள்ளங்கையை வைக்கிறார்கள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நெற்றியையும் கல்லில் சாய்த்தார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் குழந்தைகளின் புகைப்படங்கள், கல்யாணப் படங்கள், நன்றிக் கடிதங்கள்.

என் முறை வந்தது. சீட்டை வைத்துவிட்டுக் கல்லைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. வேலை, தம்பியின் உடல்நிலை என்று ரயிலிலேயே மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"அம்மா அனுப்பினாங்க" என்று மட்டும் சொன்னேன்.