கைப்பிடி கனக்க வேண்டும்

பழைய தொலைபேசிப் பெட்டியில் இருந்த மேக்னெட்டோ ஒன்று (கையால் சுற்றும் சிறு ஜெனரேட்டர்) கைக்கு வந்தது. குதிரைலாடக் காந்தங்கள், நடுவில் மெல்லிய கம்பி சுற்றிய ஆர்மேச்சர் என்ற சுழலும் பகுதி, ஒரு கைப்பிடி. மறுமுனையில் மணி அடிப்பதற்காகச் செய்தது. வேகமாகச் சுற்றினால் மீட்டரில் 80 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியை இது சுலபமாக ஏற்றிவிடும் என்று நம்பினேன்.

வருவது ஏசி, திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். பேட்டரிக்கு ஒரே திசையில் ஓடும் டிசி வேண்டும். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு நான்கைப் பிரிட்ஜாகக் கோத்து டிசி ஆக்கி, 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் கொடுத்தேன். ஏறியது வெறும் 60 மில்லி ஆம்பியர். அந்தக் கணக்கில் பேட்டரி நிரம்ப நூறு மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டும்! சுருளின் மின்தடையே சில நூறு ஓம். அழுத்தம் இருக்கிறது, ஓட்டம் இல்லை. கைப்பிடியும் லேசாகவே சுற்றியது. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். மின்னோட்டம் எடுத்தால் சுருள் காந்தத்தை எதிர்த்து இழுக்கும், கைக்குப் பாரம் தெரியும்.

(1832இல் பிரெஞ்சுக்காரர் பிக்ஸி செய்த கைச்சுற்று இயந்திரத்திலும் ஏசிதான் வந்தது. விஞ்ஞானி ஆம்பியர் சொன்ன யோசனைப்படி, சுற்றும்போதே இணைப்பை மாற்றும் கம்யூட்டேட்டர் சேர்த்து அதை ஒரே திசைக்குத் திருப்பினார். டயோடு இல்லாத காலத்தில் எவ்வளவு அழகான தீர்வு!)

அப்புறம் பிரிண்டரிலிருந்து கழற்றிய ஒரு பெரிய ஸ்டெப்பர் மோட்டாருக்கு (படிப்படியாகத் திரும்பும் மோட்டார், கையால் சுற்றினால் மின்சாரம் தரும்) மாறினேன். தடித்த கம்பி, குறைந்த மின்தடை. பல்சக்கரம் வைத்து, கை ஒரு சுற்று சுற்றினால் மோட்டார் ஐந்து சுற்று சுற்றும்படி செய்தேன். அதில் இரண்டு சுருள், ஆளுக்கொரு பிரிட்ஜ். சாதாரண சிலிக்கான் டயோடு பிரிட்ஜில் 1.4 வோல்ட் போய்விடும். 80 வோல்ட்டில் அது பொருட்டில்லை, 15 வோல்ட்டில் வலிக்கும். அதனால் இழப்பு குறைவான ஷாட்கி டயோடு போட்டேன்.

சரி, இப்போது 14 வோல்ட்டில் 0.6 ஆம்பியர், அதாவது 8 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். கைப்பிடி நன்றாகவே கனக்கிறது. பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்காவிட்டால் மொத்தமும் நகர்ந்துவிடுகிறது. அரைமணி சுற்றினால் 3 வாட் எல்இடி விளக்கு ஒரு மணி நேரம் எரிகிறது. நேற்று இரவு அந்த வெளிச்சத்தில்தான் அடுத்த வேலைக்குப் படம் வரைந்தேன்: கைப்பிடிக்குப் பதில் பெடல்.