பட்டர்வொர்த் மீசையின் ஐசி நம்பர்

2025 ஜூலை 1. மலேசியாவில் ஆண்டு விற்பனை 50 லட்சம் வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) இரண்டரைக் கோடி வெள்ளி வரை உள்ள வியாபாரங்கள் இ-இன்வாய்ஸுக்கு, அதாவது வரி வாரியம் சரிபார்க்கும் மின்-பில்லுக்கு, மாற வேண்டிய நாள். பினாங்கில் லெபோ பாசார் பக்கம் நான் கணக்குப் பார்க்கும் மளிகை மொத்தக் கடையும் அதில் மாட்டிக்கொண்டது. 10 கோடிக்கு மேல் விற்கும் பெரிய கம்பெனிகள் 2024 ஆகஸ்டிலேயே மாறிவிட்டதால், "பட வேண்டிய பாட்டை அவங்க பட்டிருப்பாங்க, நமக்குச் சுலபமா இருக்கும்" என்று முதலாளி நிம்மதியாக இருந்தார்.

கோலாலம்பூரிலிருந்து சாஃப்ட்வேர் தம்பி ஒருவர் வந்தார். எங்கள் பில் வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளத்துக்குப் போய், சரிபார்க்கப்பட்டு, க்யூஆர் கோடுக்கான லிங்க்கோடு திரும்பி வருவதைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. டீ குடித்துவிட்டு, "அக்கா, கஸ்டமர் லிஸ்ட்டை எக்செல்ல அனுப்பிடுங்க, ஏத்திடலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்த லிஸ்ட்டுக்கு நான்கு மாதம் ஆனது.

பழைய கணக்கு சாஃப்ட்வேரில் 600 சொச்சம் பெயர்கள், சேல்ஸ்மேன் கைபேசியில் அவருக்கென்று ஒரு லிஸ்ட், லோரி டிரைவரின் வாட்ஸ்அப்பில் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் மேலாக அங்கிளின் 555 நோட்டு, கடன் எழுதும் குட்டி நோட்டு. அங்கிள் எங்கள் பழைய கிராணி (குமாஸ்தா). அவர் நோட்டில் "பட்டர்வொர்த் மீசை, 2 மூட்டை மல்லி" என்று இருக்கும். கடன் ஒரு காசு பிசகாது. மீசையின் பெயர் என்ன என்று கேட்டால் மட்டும், "மீசைதாம்மா" என்பார்.

இ-இன்வாய்ஸுக்கோ வாங்குபவரின் சரியான பெயரும் எண்களும் வேண்டும். பெயர் கிடைத்தாலும் முடிவதில்லை. நம் ஆட்களின் ஐசியில் (அடையாள அட்டையில்) இன்னார் மகன், இன்னார் மகள் என்பதற்கு ஏ/எல், ஏ/பி இருக்கிறதே, அந்தச் சாய்கோட்டைச் சில சிஸ்டங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. டைப் செய்தவர்கள் இஷ்டத்துக்கு அடித்து வைத்திருக்கிறார்கள்: கோடு போட்டு ஒன்று, கோடில்லாமல் ஒன்று, அப்பா பெயர் முன்னால் வந்து ஒன்று, பழைய எஸ்/ஓ போட்டு ஒன்று. ஒரே ஆளுக்கு நான்கு கணக்கு, நான்கிலும் பாக்கி! கம்பெனிப் பதிவு எண் 2019 அக்டோபரிலேயே 12 இலக்கமாகிவிட்டது, எங்களிடம் இருந்ததெல்லாம் பழையது. எஸ்ஜி, ஓஜி என்று தொடங்கிய தனிநபர் வரி எண்கள் 2023-இல் ஐஜி ஆகிவிட்டன.

சரி, போன் போட்டுக் கேட்போம் என்று உட்கார்ந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் ஐசி நம்பரும் வரி எண்ணும் கேட்டால், இந்த ஸ்கேம் காலத்தில் யார் கொடுப்பார்கள்? சுங்கைப் பட்டாணியில் ஒரு அக்கா போலீசுக்குப் போவேன் என்று மிரட்டினார் (நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்). பிறகு அங்கிள் போனை வாங்கினார். "நான்தாம்மா, கடை கிராணி. பையன் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" பத்து நிமிடம் பேச்சு. வைத்த கையோடு ஐசி படம் வாட்ஸ்அப்பில் வந்தது.

அங்கேதான் அடுத்த தலைவலி. இப்படி வந்த ஐசி படங்கள் 200-க்கு மேல், எல்லாம் சேல்ஸ் குரூப்பில். வேலையை விட்டுப் போய் மூன்று மாதமான ஒருவரும் அந்தக் குரூப்பில் இருந்தார், யாரும் கவனிக்கவில்லை. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், 2025 ஜூன் முதல், பாதிப்பு ஏற்படும் அளவுக்குத் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் சொல்ல வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். "நம்ம கடையை யாரும்மா திருடப் போறா?" என்று சிரித்தார். அவருடைய ஐசி படமும் அதே குரூப்பில் இருப்பதைக் காட்டிய பிறகு சிரிக்கவில்லை. அன்றைக்கே குரூப்பைக் கலைத்தோம், ஆனால் அவரவர் போனில் ஏற்கெனவே இறங்கிய படங்களை என்ன செய்வது?

அப்புறம், மீசை. அவர் 2021-லேயே போய்ச் சேர்ந்துவிட்டாராம். சரக்கு எடுத்துக்கொண்டிருந்தது மகன், மழுமழுவென்று ஷேவ் செய்த முகம். மகன் பெயரில் புதுக் கணக்கு திறந்தோம். சாஃப்ட்வேர் தம்பியிடம் கெஞ்சிக் "கூப்பிடும் பெயர்" என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போடவைத்தேன். லோரி டிரைவர் அதை மட்டும்தான் பார்க்கிறார். அங்கிளே ஒரு விரலால் தட்டித் தட்டி அதில் அடித்தார்: சின்ன மீசை.